உப்போடையில் இறங்காத கைகள்

எங்கள் ஊராட்சிக்குள் ஊர் இரண்டு. ஒன்று உப்போடை, இன்னொன்று பனைவிளை. பனைவிளைக்காரர்களுக்கு எங்களைவிட எண்பது ஓட்டுதான் குறைவு என்பதால், தலைவர் தேர்தலுக்கு எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் நின்றால் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்று என்றைக்கோ கணக்குப் போட்டு, மனுத்தாக்கலுக்கு முன்னால் ஊரே எடைமேடைப் பொட்டலில் கூடி, கை தூக்கி, யாருக்குக் கை அதிகமோ அவரை மட்டும் நிறுத்துவது, மற்றவர்கள் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று வழக்கம் வைத்திருந்தோம். பதினைந்து வருடமாக அந்தக் கை தவசிக்கண்ணுக்குத்தான் தூக்கப்பட்டது. அவர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். தண்ணீர் வரவில்லை என்றாலும், ரோடு பெயர்ந்துவிட்டது என்றாலும், உப்பளத்துக்காரிகளுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டும் என்றாலும், "பாத்துக்கிடுவோம்" என்பார், நாங்களும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அந்த மாசி மாதம் கூட்டம் ஆரம்பித்துத் தவசிக்கண் மைக்கைப் பிடித்த நேரத்தில், எடைமேடை அறையிலிருந்து நாச்சிமுத்து இறங்கி வந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் காங்கேயம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு உப்பு லாரிகளை எடைபோட வந்தவர் அவர். எடையில் ஒரு கிலோ கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார், எடையைத் தவிர வேறு பேச்சும் கிடையாது, என் டீக்கடைக்கு வந்தால்கூட "டீங்க" என்பார், குடித்துவிட்டு "சக்கரை சாஸ்திங்க" என்பார், போய்விடுவார். அன்றைக்கு அவர் வந்தது மைக் செட் வயர் எடைமேடையின் குறுக்கே கிடந்ததால், பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால்.

"ஏனுங்க, இந்த வயரை யாருங்க குறுக்கப் போட்டது?"

"கூட்டம் முடியட்டும் அண்ணாச்சி" என்று யாரோ சொன்னார்கள்.

"பதனஞ்சு வருசமா முடியாத கூட்டம் இன்னைக்கு முடிஞ்சிருங்களா?" என்று கேட்டவர், தவசிக்கண் கையிலிருந்த மைக்குக்கு நேராகக் குனிந்து, "அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது, குடத்தத் தூக்கிட்டு ஓடறீங்க, அப்பறம் வந்து இவருக்கே கையத் தூக்கறீங்க. இவரு பொய்யருங்க, நீங்க சோம்பேறிங்க. ரெண்டுக்கும் பொருத்தம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

எங்களை அதுவரைக்கும் யாரும் இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து, இவனைத்தான் சொல்கிறார், சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்து, உள்ளுக்குள் குளிர்ந்துபோனோம். என் அக்கா மகள் சந்தனமாரி, ஏழு மாத வயிற்றோடு முன்வரிசையில் நின்றவள், "இவுகளையே நிறுத்துவோம்!" என்று கத்திக் கையைத் தூக்கினாள். உப்பு வாருகிற வேலை அவளுக்கு. பிள்ளை பிறப்பதற்குள் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் கொம்பையா தூக்கினான், நான் தூக்கினேன், பொட்டல் முழுக்க வலது கைகள் கிளம்பின. எண்ணினால் நானூற்றுப் பன்னிரண்டு. நாச்சிமுத்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, "மொதல்ல வயர எடுங்க" என்றார், அதற்கும் ஆரவாரம் செய்தோம். பிறகு எல்லோரும் கையை இறக்கப் பார்த்தோம். இறங்கவில்லை.

முதல் நாள் அதைச் சந்தோஷத்தில் மரத்துப்போனது என்றோம். இரண்டாம் நாள் தைலம் தேய்த்தோம். மூன்றாம் நாளிலிருந்து அதோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டோம். தையற்கடையில் சட்டைகளின் வலது தோளைப் பிரித்துப் பித்தான் வைத்துக் கொடுத்தார்கள். உப்பளத்தில் இரண்டு பேர் இரண்டு இடது கையால் ஒரே பலகையைப் பிடித்து உப்பு வாரினார்கள். இடது கையால் சாப்பிடுவதும் இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் தேர்தல் முடிகிறவரை மரியாதைக் குறைவு இல்லை என்று ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானித்தோம். அந்த மாதம் நடந்த ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒற்றைக் கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்று முடிச்சையும் வெளியூரிலிருந்து வந்த நாத்தனார்தான் போட்டாள். எங்கள் ஊரில் நிற்காமலே போய்க்கொண்டிருந்த டவுன் பஸ், ரோட்டோரம் எப்போது பார்த்தாலும் பத்துப் பேர் கை காட்டிக்கொண்டு நிற்பதால் ஒவ்வொரு தடவையும் நின்றது, யாரும் ஏறாததைப் பார்த்து டிரைவர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார், அதுவும் எங்களுக்குப் பிடித்திருந்தது. நான் டீ ஆற்றுவதை விட்டேன். ஒற்றைக் கையால் எங்கே ஆற்றுவது, ஆற்றாத டீயைக் குடித்து ஊரே நாக்கைச் சுட்டுக்கொண்டது.

ஆனால் உறக்கம் போய்விட்டது. எங்கள் வீடுகளுக்குக் கூரை தணிவு, படுத்தாலும் கை செங்குத்தாக நிற்கும், மின்விசிறியைப் போட்டால் விரல் போய்விடும் என்று விசிறியை நிறுத்திவிட்டு, உப்புக் காற்றில் வியர்த்துப் புரண்டு, புரளவும் முடியாமல், விடியும்வரை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தோம். உறக்கமில்லாத ஊருக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் எடைமேடைக்குப் போய் நாச்சிமுத்துவைப் பேசச் சொன்னோம். அவர் எங்களைத் திட்டினார், தவசிக்கண்ணைத் திட்டினார், பனைவிளையைத் திட்டினார். திட்டத் திட்டக் கை இன்னும் விறைத்தது, விறைக்க விறைக்க இன்னும் கேட்கத் தோன்றியது. நானும் அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தியவன்தான், இப்போது நல்லவன் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது.

சந்தனமாரிக்கு மட்டும் வேறு கவலை வந்துவிட்டது. ஒற்றைக் கையால் பிள்ளையை எப்படி வாங்குவது, எப்படிப் பால் கொடுப்பது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று அவள் நாளெல்லாம் அதையே நினைத்தாள். ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்ககிட்ட மருந்து கெடையாதுமா. யாருக்குத் தூக்குனியோ அவுகட்ட போய்க் கேளு" என்றாள். இவளும் போய்க் கேட்டாள்.

நாச்சிமுத்து எடைச்சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் தூக்கச் சொல்லலீங்களே அம்மணி. நீங்களாத்தான் தூக்குனீங்க, நீங்களாத்தான் இறக்கோணும்."

அவள் அழுதுகொண்டே என் கடைக்கு வந்தாள். "பெருசா எதுவும் கேக்கல மாமா. எம் புள்ளைய ரெண்டு கையால வாங்கணும், அம்புட்டுதான்" என்றாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அக்கா போனபின் வளர்த்துக் கட்டிக்கொடுத்தது நான்தான், பிறக்கப்போகிற பிள்ளைக்கு நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க வேண்டியதும் நான்தான். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். என் குணத்துக்கு என்ன குறை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இரண்டு கையும் சரியாக இருந்தது கடைசித் தெருக்காரர்களுக்கு மட்டும்தான். கூட்டம் நடந்த அன்றைக்குத் தண்ணி லாரி வரும் என்று அவர்கள் அத்தனை பேரும் குடத்தோடு ரோட்டில் காத்துக் கிடந்தார்கள், கை தூக்க வரவில்லை. முதலில் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். பிறகு, இவர்கள் ஏன் தூக்கவில்லை என்று கேட்க ஆரம்பித்தோம். கூட்டத்துக்கு வராத வேறு சிலர், வெளியூர் போயிருந்தவர்கள், கையைத் தூக்கி முருங்கைக் குச்சியில் துணியால் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். கடைசித் தெரு அதையும் செய்யவில்லை. அந்தத் தெரு மாடத்தி, சந்தனமாரியோடு பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள், தினமும் இவள் வீட்டுக்கு வந்து தலை பின்னிவிட்டு, துணி பிழிந்து போட்டு, தன் பங்குக் குடத்தில் பாதியை ஊற்றிவிட்டுப் போனாள். அதையும் ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

இப்போது மோட்டார் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உப்போடைக்குக் குழாய் உண்டு, ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் தண்ணீர் வரும், வருகிற தண்ணீரை முதல் இரண்டு தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் திருட்டு மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொள்வோம். முதல் தெரு உறிஞ்சியது போக நடுத்தெருவுக்கு, நடுத்தெரு உறிஞ்சியது போகக் கடைசித் தெருவுக்குக் காற்று. எல்லோர் வீட்டிலும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலிருப்பதைத்தான் நாங்கள் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பங்குனி பிறந்ததும் நாச்சிமுத்து அதைப் பிடித்துவிட்டார். என் கடையில் டீயை ஊதிக்கொண்டே, "டேங்கு நெறையத் தண்ணி ஏத்தறாங்க, கடைசியில ஒண்ணும் இல்லீங்க. எவனோ மோட்டார் போடறானுங்க. யாருங்க அது?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். என் மோட்டார் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நாலடி தள்ளி விறகுக் குவியலுக்கு அடியில் இருந்தது. எனக்குக் கை கால் உதறியது, உதறாதது தூக்கிய கை மட்டும்தான்.

"கடைசித் தெருவா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். ஏற்றியதன் எடையைச் சொல்வதுதான் எடைமேடைக்குத் தெரியும், ஏற்றியது யார் என்று அது கேட்பதில்லை.

மனுத்தாக்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொட்டலில் பெரிய கூட்டம் போட்டோம். நானூற்றுப் பன்னிரண்டு கைகளும் குச்சியில் கட்டிய கைகளும் சேர்ந்து வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. சந்தனமாரிக்கு நிறைமாதம் ஆகிவிட்டது, வீட்டில் இரு என்று கொம்பையா சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள். மாடத்தி அவளுக்குத் துணையாக, இரண்டு கையாலும் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

நாச்சிமுத்து மைக்கைத் தட்டினார். "தண்ணி எங்க போவுதுன்னு தெரிஞ்சு போச்சுங்க. கடைசித் தெருக்காரங்க மோட்டார் போட்டு உறிஞ்சறாங்க. நான் வந்தா மொத வேலையா அவங்க கொழாய வெட்டி உடறனுங்க!"

அப்படி ஒரு ஆரவாரம் உப்போடையில் அதற்கு முன் எழுந்ததில்லை. வெட்டுங்க, வெட்டுங்க என்று முதல் தெருவும் நடுத்தெருவும் குதித்தன. எங்கள் மேலிருந்த பாரத்தை யாரோ இறக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. நானும் குதித்தேன். மாடத்தி மட்டும் செம்பை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போகத் திரும்பினாள். சந்தனமாரி அவள் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க" என்றாள். "நீங்க சொல்லுதது பொய்."

கூட்டம் அடங்கியது. நாச்சிமுத்துவின் முகத்துக்கு நேரே யாரும் எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

"மோட்டார் எங்க வீட்டுல இருக்கு. குளிக்கிற ரூமுக்குள்ள சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். அஞ்சு வருசமா நாந்தான் உறிஞ்சுதேன். மாடத்தி அக்கா தெருவுக்குக் காத்துதான் போவுது. அந்தக் காத்தையும் வெட்டப்போறேன்னு சொல்லுதீய."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை இறங்கியது. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது, ஏழு வாரமாக வானத்தைப் பார்த்த கை மெல்ல வந்து அவள் வயிற்றின் மேல் உட்கார்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குக் கோபம் வந்தது. பனைவிளைக்காரன் சொல்லிக்கொடுத்தானா என்று ஒருவன் கத்தினான். "மானத்த வாங்காத, வீட்டுக்கு வாட்டீ" என்றான் கொம்பையா, கையைத் தூக்கிக்கொண்டே.

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "வேற யாரு வீட்லயெல்லாம் மோட்டார் இருக்குதுங்க? இருக்கறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பொட்டலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, லாரியின் எடையைப் பார்க்கிற மாதிரி நிதானமாக, எங்கள் தலைக்கு மேலே நின்ற அத்தனை கைகளையும் பார்த்தார். நாங்கள் வெயிலில் கையை மறைக்க இடமில்லாமல் நின்றோம்.

"சரிங்க" என்றார். "நான் சொன்னது தப்புங்க. எடை தப்பாப் போச்சு."

மைக்கை வைத்துவிட்டு எடைமேடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களைச் சோம்பேறி என்று சொன்னபோது தாங்கிக்கொண்ட நாங்கள், தன்னைத் தப்பு என்று அவர் சொன்னதைத் தாங்கவில்லை. இவனுக்குப் போயா கையைத் தூக்கினோம் என்று முணுமுணுத்தோம், தூக்கிய கை இறங்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தவசிக்கண் மேடையேறி, பதினைந்து வருடத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, "ஏய், சோம்பேறிப் பயலுவளா!" என்றார். நானூற்றுப் பதினோரு கைகளும் அவர் பக்கமாகச் சாய்ந்தன. அவரையே நிறுத்தினோம், இடது கையால் முத்திரை குத்தி ஜெயிக்கவும் வைத்தோம், தண்ணீரைப் பற்றி அவர் இப்போது "பாத்துக்கிடுவோம்ல!" என்று அதட்டுகிறார்.

ஆனால் அது பிறகு. கூட்டம் முடிந்த மறுநாளே சந்தனமாரிக்கு வலி வந்து, மாடத்திதான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்; ஊர்க்காரர் ஒருவரும் கூடப் போகவில்லை, நானும் போகவில்லை. பெண் குழந்தை. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள் என்றும், வாங்கிவிட்டு யாருக்கும் கொடுக்காமல் ஒரு பகல் முழுக்க வைத்திருந்தாள் என்றும் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில் வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்று சத்தம்போட்டுவிட்டார்கள், அதனால் நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபின், நான் வெட்கத்தை விட்டு, சீனியும் சங்குமாகச் சேனை வைக்கப் போனேன்.

அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாடத்தி. ஒரு மூலையில், கழற்றிப்போட்ட மோட்டார் சாக்கு இல்லாமல் கிடந்தது; சொன்ன அன்றைக்கே நாச்சிமுத்து ஸ்பேனரோடு வந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"புள்ளைய ரெண்டு கையால வாங்குங்க மாமா" என்றாள்.

"ஒத்தக் கையில ஏந்திக்கிடுதேன்மா."

"கழுத்து நிக்காது. விழுந்துரும்."

அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "அன்னைக்கு டீ வாங்க வந்தேன் மாமா. அண்ணாச்சி கேட்டதும் காதுல விழுந்துச்சி, நீங்க சொன்னதும் விழுந்துச்சி. கூட்டத்துல உங்க பேரச் சொல்லிருவேனோன்னு பயந்து பயந்துதான் எம் பேரச் சொன்னேன்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அப்போதும் மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல், சங்கைத் தரையில் வைத்தேன். அவள் பிள்ளையை மாடத்தியின் மடியில் வைத்து, "நீங்க வைங்க அக்கா" என்றாள். மாடத்தி என்னைப் பார்த்தாள், சங்கைப் பார்த்தாள், எழுந்து போய்த் தன் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவி, அந்தத் தண்ணீரிலேயே சீனியைக் கரைத்து, விரல் நுனியால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. நான் வைக்க வேண்டிய சேனை முடிந்துபோயிற்று.

"மாடத்தி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "உங்க தெருவச் சொன்னது நாந்தான். மோட்டார் எங் கடையில கெடக்கு, வெறகுக்கு அடியில."

கை இறங்கியது. வலி என்றால் அப்படி ஒரு வலி, தோளிலிருந்து நகம்வரை தீப்பிடித்தது. மாடத்தி அழவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"எம்புட்டுப் பெரிய மோட்டாரு அண்ணாச்சி?"

"ஒரு குதிரைச்சக்தி."

"நாளைக்குத் தண்ணி வார நாளு. கழட்டிருவீயளா?"

"இன்னைக்கே கழட்டிருதேன்."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து, பிள்ளையை என் இரண்டு கையிலும் வைத்தாள். "தலையப் பாத்துப் பிடிங்க" என்றாள். பழக்கம் விட்டுப்போன வலது கையைப் பிள்ளையின் தலைக்கு அடியில் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சேனை வைத்தவள் குணமே இவளுக்கு வரட்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் வாய்விட்டுச் சொன்னேன்.